சாயங்காலத்துப் போன்

அண்ணி,

பால் பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் தீய்ந்து கிடக்கிறது. துடைக்க மனமில்லாமல், ஜன்னலைக்கூடத் திறக்காமல், அந்த வாடைக்குள்ளேயே உட்கார்ந்து எழுதுகிறேன். நீ இருந்திருந்தால் இடுப்பில் கைவைத்து நின்று, "பொங்கிச்சா? வுடு, நல்லதுதான்" என்றிருப்பாய். பால் பொங்கினால் உனக்கு எல்லாமே நல்லதுதான். துடைக்கிறவள் நானாக இருந்தால் இன்னும் நல்லது.

பால் பொங்கக் காரணம் உன் மகள்தான். அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திரும்பினேன், மலரிடமிருந்து போன் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றதில் அடுப்பு மறந்துபோனது. நீ கடைசியாகப் பார்த்தபோது அவள் இரட்டைச் சடையில் ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது முதுகலை படிக்க குவாஹாத்தி போயிருக்கிறாள். ஆமாம் அண்ணி, அசாம். கள்ளக்குறிச்சியிலிருந்து பார்த்தால் நாட்டின் இன்னொரு மூலை. அண்ணன்தான் கூடப் போய் விட்டுவிட்டு வந்தான். வந்த நாளிலிருந்து அவன் அவனாக இல்லை.

இன்று காலை நான் குடியிருக்கும் வீட்டுக்கு வந்தான். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு, உனக்குத் தெரியாது. தோளில் ஒரு பை. அதற்குள் துண்டும் இரண்டு சட்டையும் மடித்து வைத்திருந்தான்.

"பாப்பா, கொழந்த தெனமும் சாயந்தரம் போன் பண்ணி அழுவுது. சாப்பாடு எறங்கலையாம். நான் போய்க் கூட்டினு வந்துடறேன். கள்ளக்குறிச்சில இல்லாத காலேஜா?"

"அவ வரேன்னு சொன்னாளா?"

"வரேன்னும் சொல்லல, இருக்கேன்னும் சொல்லல. அழுவுது, அவ்ளோதான்."

பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். மீசை நரைத்த மனிதன், பையின் வாரை முறுக்கிக்கொண்டு நிற்கிறான். எனக்கும் என்னவோ போலாகிவிட்டது. ஒரே ஒரு சாயங்காலம் பொறுத்துக்கொள் என்றேன். இன்றைக்கு அவளை எனக்குப் போன் செய்யச் சொல், நான் பேசிப் பார்க்கிறேன், அப்புறமும் போக வேண்டுமென்றால் போ என்றேன். பையை என் வீட்டிலேயே வைத்துவிட்டு, டிராக்டருக்கு ஏதோ உதிரி பாகம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனான். பகல் முழுவதும் அந்தப் பை நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. நீயும் நானும் போன அந்தப் பயணம்தான் ஓடியது.

அது மார்கழித் தொடக்கம். எனக்கு டேராடூனில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. மண்ணைப் பற்றிய படிப்பு. "மண்ணப் படிக்க எதுக்குடி அவ்ளோ தூரம், நம்ம ஊர்ல மண்ணு இல்லையா?" என்று அம்மா கேட்டாள். அண்ணன்தான் என்னைக் கொண்டுபோய் விடுவதாக இருந்தது. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையிலிருந்து, கரும்பை வெட்டிக் கொண்டுவரச் சொல்லி, கட்டிங் ஆர்டர் வந்துவிட்டது. கரும்பை வெட்டிவிட்டால் அப்புறம் அது யாருக்கும் காத்திருக்காது. காயக் காய எடை போய்விடும். அண்ணன் கரும்போடு ஆலை வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். வீட்டில் கூடிப் பேசி, போக வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று முடிக்கிற நேரத்தில் நீ அடுக்களையிலிருந்து வெளியே வந்தாய்.

"நான் போறேன் பாப்பா கூட."

சென்னையைத் தாண்டி நீ எங்கேயும் போனதில்லை. கச்சிராயபாளையத்தில் கல்வராயன் மலையடிவாரத்தில் பிறந்தவள், ஆனால் மேலே வெள்ளிமலைக்குப் பேருந்தில் போனால் முதல் வளைவிலேயே தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிடுவாய். அண்ணன் சிரித்தான். "உனக்கு இன்னா தெரியும் அங்க? பாஷ தெரியுமா?" என்றான். "வாய் இருக்குது இல்ல" என்றாய். மலரை அம்மாவிடம் விட்டாய். அவளுக்கு அப்போது வாயில் முன்பல் இரண்டும் இல்லை. அவள் கத்திய கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது. நீ திரும்பிப் பார்க்காமல் நடந்தாய். உன் முந்தானை முடிச்சில் எலுமிச்சம்பழம் இருந்தது.

ஊரில் எல்லோரும் அண்ணியை வாங்க போங்க என்று கூப்பிடுவார்கள். நான் உன்னை நீ என்றேன். அம்மா எத்தனை முறை திட்டியிருப்பாள். "சொல்லட்டும் வுடு அத்த, எனக்கும் ஒரு தங்கச்சி ஆச்சு" என்று நீ தடுத்துவிடுவாய்.

ரயிலில் நீ எல்லோரிடமும் தமிழிலேயே பேசினாய். எதிர் இருக்கையில் இருந்த பஞ்சாபி அம்மாளுக்குப் பருப்புப்பொடி சாதம் ஊட்டாத குறை. அந்த அம்மாள் தன் மருமகளைப் பற்றி இந்தியில் குறை சொல்லிக்கொண்டே வர, நீ "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டினாய். எப்படிப் புரிந்தது என்று கேட்டேன். "மருமவள பத்தி பேசறாங்க. அது எந்த பாஷையில இருந்தா இன்னா?" என்றாய். நான் சிரித்தது அதோடு சரி. தில்லியில் வண்டி மாறியபோது பனிமூட்டம் ஆளை மறைத்தது. நான் உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

டேராடூனில் இறங்கியபோது அந்தி சாய்ந்திருந்தது. வடக்கே மலைமேல் வரிசையாக வெளிச்சம். நீ பயந்துபோய் என் கையைப் பிடித்தாய்.

"மலமேல தீ புட்சிக்கிச்சா பாப்பா?"

"அது ஊரு அண்ணி. மசூரின்னு சொல்லுவாங்க."

"மலமேல இவ்ளோ வெளக்கா? நம்ம வெள்ளிமலைல அந்தி சாஞ்சா நாலு வெளக்கு தெரிஞ்சா ஜாஸ்தி." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மல ஒசரமா இருந்தா இன்னா, கல்வராயன் மல மாதிரிதான் குந்தினு இருக்குது" என்றாய். இமயமலையை ஒரே வாயில் முடித்துவிட்டாய்.

விடுதியில் எனக்குக் கொடுத்த அறை குளிரில் விறைத்துக் கிடந்தது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல். நீ பெட்டியைத் திறந்து உப்பும் மஞ்சளும் எடுத்து மேசைமேல் வைத்தாய். புடவைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்த எவர்சில்வர் சட்டியை வெளியே எடுத்தாய். சுற்றுமுற்றும் பார்த்தாய்.

"அடுப்பு எங்க?"

"ஹாஸ்டல்ல அடுப்பு கெடையாது அண்ணி. சாப்பாடெல்லாம் மெஸ்ஸுலதான்."

"அப்ப பால எதுல காச்சறது? புதுவூட்டுக்கு வந்துட்டு பால் காச்சாம படுக்கறதா? நல்லா இருக்கு நீ சொல்றது."

இது வீடு இல்லை, விடுதி அறை என்று எவ்வளவோ சொன்னேன். காதில் வாங்கவில்லை. பக்கத்து அறையில் இருந்த ஒடியாப் பெண்ணின் கதவைத் தட்டி, கையைக் காலை ஆட்டிப் பேசி, மின்சாரக் கெட்டில் ஒன்றை வாங்கி வந்துவிட்டாய். அவளே பால் பாக்கெட்டும் கொடுத்தாள். கெட்டிலின் மூக்கைக் கிழக்குப் பக்கம் திருப்பி வைத்தாய். மூடியை மூடச் சொன்னேன். மூடினால்தான் கொதித்ததும் அது தானாக அணையும். "மூடி வெச்சா பொங்கறது எப்டி தெரியும்?" என்று திறந்தே வைத்தாய். பால் கொதித்தது, நுரைத்தது, எழும்பியது. நீ இரு கையும் கூப்பி நின்றாய். வெள்ளையாக வழிந்து கெட்டிலின் அடியில் இறங்கியது. டப்பென்று ஒரு சத்தம். அந்த மாடி முழுவதும் இருட்டு.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெண்கள் வெளியே வந்தார்கள். ஆளுக்கொரு மொழியில் கத்தினார்கள். விடுதிக் காப்பாளர் அம்மாள் டார்ச் விளக்கோடு ஏறி வந்தார். அறையில் கெட்டில் வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். யாருடையது இது என்று அவர் கேட்டதும் ஒடியாப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. நீ அவளைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் வந்தாய்.

"நாந்தாங்க செஞ்சேன். அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க. எங்க வூட்டுப் பொண்ணு புதுவூடு வந்துருக்குது, பால் பொங்கணும் இல்லீங்களா?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் குடியேறினால் முதலில் பால் காய்ச்சுவோம், அது பொங்கி வழிய வேண்டும், அப்போதுதான் அது நம் வீடு. அவர் டார்ச் வெளிச்சத்தை மேசைமேல் அடித்துப் பார்த்தார். பால் சொட்டிக்கொண்டிருந்தது. இந்தியில் ஏதோ கேட்டார். ஒடியாப் பெண் அதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

"பொங்கிச்சான்னு கேக்கறாங்க அண்ணி."

"பொங்கிச்சுன்னு சொல்லு. கெழக்காலயே பொங்கிச்சுன்னு சொல்லு."

அந்த அம்மாள் கெட்டிலைப் பறிமுதல் செய்தார். ஆனால் படியிறங்கும்போது அவர் சிரித்த சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்டது. அதற்குள் சட்டியில் ஊற்றிவிட்டிருந்த மிச்சப் பாலை மெழுகுவத்தி வெளிச்சத்தில் எல்லோருக்கும் ஒவ்வொரு வாய் கொடுத்தாய். அந்த மாடியில் என்னைத் தெரியாதவர்களே இல்லை என்றாகிவிட்டது. விளக்கை அணைத்த மதராசிப் பெண் நான்.

ஆனாலும் அண்ணி, எனக்கு அங்கே இருக்க முடியாது என்றுதான் தோன்றியது. மறுநாள் துறைக்குப் போனேன். எல்லோரும் வேகமாகப் பேசினார்கள், நான் தலையாட்டினேன். ஆய்வுக்கூடத்தில் இருந்த கருவிகளில் பாதியை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. வரும் வழியில் குளிரில் விரல் மரத்துப்போய் அறைக் கதவைத் தட்டக்கூட முடியவில்லை. கதவுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே இருந்து நீ திறந்தாய். என் கையைப் பிடித்து உன் கக்கத்தில் வைத்துக்கொண்டாய்.

நீ கிளம்பும் நாள், நானும் என் பெட்டியை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு வந்துவிட்டேன். நடைமேடையில் போய்த்தான் சொன்னேன்.

"நானும் வரேன் அண்ணி. எனக்கு இது வேணாம்."

திட்டுவாய் என்று நினைத்தேன். நீ பெஞ்சியில் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினாய்.

"நானும் ஒருவாட்டி இப்டித்தான் போனேன், தெரியுமா? பாண்டிச்சேரிக்கு. நர்சு படிக்க."

எனக்குத் தெரியாது. அண்ணனுக்கே தெரியுமோ என்னவோ. கரும்புத் தோகை கிழித்த கைகளுக்கு மஞ்சள் வைத்துக் கட்டும்போது நீ தனி மிடுக்கோடு இருப்பாய். ஏன் என்று அன்றுதான் விளங்கியது.

"ஒரு வாரங்கூட இருக்கல. எங்கப்பா பாக்க வந்தாரு. நான் அழுவறத பாத்துட்டு, வா கண்ணு, இந்தப் படிப்பு இல்லன்னா இன்னான்னு பொட்டிய தூக்கினாரு. பஸ்ஸுல ஜன்னலோரமா குந்த வெச்சி, பன்னு வாங்கிக் குடுத்து இட்டுனு வந்தாரு. அவ்ளோ பிரியம்."

"அதுக்கு இன்னா இப்ப?"

"இன்னும் கொஞ்ச நாளு என்னை அழ வுட்டுருந்தா போதும் பாப்பா. அழுது முடிச்சிருப்பேன். யாரும் என்னை அழ வுடல."

வண்டி வந்தது. நீ ஏறினாய். என் பெட்டி கீழேயே இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன், நீ உள்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாய். கல்நெஞ்சக்காரி என்று நினைத்தேன். வாய்விட்டே சொன்னேன். யாருக்குப் புரியப்போகிறது அங்கே.

அப்புறம் இன்னொரு கூத்து. தினமும் சாயங்காலம் ஆறு மணி ஆனால் எனக்குத் தாங்காது. ஆய்வுக்கூடம் முடிந்து, இருட்டிக்கொண்டு வரும், யாருக்கும் யாரும் இல்லாத நேரம். உன் பட்டன் போனுக்கு அடிப்பேன். மணி அடித்து அடித்து ஓய்ந்துவிடும். நீ எடுக்கவே இல்லை. அண்ணன் நிம்மதியாகக் கரும்பு ஓட்டட்டும் என்று அவனிடம் சொல்லவும் மனம் வரவில்லை. அம்மா உன்னைப் பிடித்துச் சண்டை போட்டாளாம்: "அழுத புள்ளதான் பால் குடிக்கும்பாங்க. நீ இன்னாடி, புள்ள அழுவுதுன்னு தெரிஞ்சும் போன எடுக்க மாட்ற?" அதற்கப்புறமும் நீ எடுக்கவில்லை.

பொங்கல் அன்று காலை அந்த ஒடியாப் பெண் என்னை எழுப்பி மெஸ் அடுக்களைக்கு இழுத்துப் போனாள். காப்பாளர் அம்மாளே அங்கே நின்றிருந்தார். ஒரு பெரிய பாத்திரம், அரிசி, பால், வெல்லம். இந்தத் தடவை அடுப்பிலேயே பொங்கு, என் மாடியை விட்டுவிடு என்றார். பொங்கியது. பெண்கள் எல்லோரும் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்கள். கை பிசுபிசுக்க ஓடிவந்து உனக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தாய்.

"சொல்லு பாப்பா. பொங்கிச்சா?"

இத்தனை நாள் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். "சாயந்தரம் வர்ற போனு அழுவுற போனு. காலைல வர்ற போனு பேசற போனு. இனிமே காலைல பண்ணு" என்றாய். அப்படியே ஆகிவிட்டது, நாம் பேசி முடிக்கும்வரை அண்ணன் காப்பிக்குக் காத்திருப்பான். அன்றிலிருந்து நீ இருந்தவரைக்கும் நமக்குக் காலை நேரம்தான்.

நீ இருந்தவரைக்கும் என்று எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டேன். காமாலை என்றார்கள். கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று நீயே வைத்தியம் பார்த்துக்கொண்டாய். படிக்காத படிப்பின் திமிர் உனக்கு. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது கண் மஞ்சள் பூத்துக் கிடந்தது. நான் டேராடூனிலிருந்து வந்து சேர்ந்து உன் கட்டிலோரம் நின்றேன். மலர் உன் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "திரும்பிப் போவ டிக்கெட்டு எடுத்துட்டியா?"

"எடுக்கல அண்ணி."

"எடு."

அவ்வளவுதான் நாம் பேசியது. மறுநாள் நீ பேசும் நிலையில் இல்லை.

காரியம் முடிந்து, நான் டேராடூனுக்குக் கிளம்பிய அன்று அண்ணன் என்னிடம் சொன்னான். "பாப்பா, அவ கல்லுன்னு நீ நெனச்சினு இருந்தல்ல? ஆறு மணிக்கு உன் போன் வரும். ரெண்டு கையாலயும் போன நெஞ்சோட அணச்சிக்குவா. அடிச்சி ஓயற வரைக்கும் அப்டியே குந்தினு இருப்பா. எடுன்னு சொன்னா, எடுத்தா வந்துடுன்னு சொல்லிடுவேன்யா, வேணாம்னு அழுவா." நான் போய்ப் படித்து முடித்தேன். வேறு எப்படி முடியும். இப்போது வெள்ளிமலைப் பக்கம் சாமை விதைக்கிற நிலங்களில் மண் எடுத்துப் பார்ப்பதுதான் என் வேலை. வாரம் தவறாமல் மலைப் பேருந்தில் ஏறுகிறேன். எனக்குத் தலை சுற்றாது. இருந்தாலும் பையில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும்.

இன்று சாயங்காலத்துக்கு வருகிறேன். ஆறு மணிக்கு மலரின் பெயர் ஒளிர்ந்தது. நீ செய்ததையே செய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். போனை எடுத்து நெஞ்சோடு வைத்தேன். அது துடித்தது அண்ணி. உள்ளே ஒரு பிள்ளை கிடந்து துடிப்பது போலவே இருந்தது. எப்படி நீ அத்தனை நாள் பொறுத்தாய்? என்னால் முடியவில்லை. எடுத்துவிட்டேன்.

அத்தை என்ற ஒரு சொல்தான் வந்தது. அப்புறம் அழுகை. விக்கி விக்கி, மூச்சு விடாமல். வந்துடு கண்ணு என்கிற வார்த்தை என் நாக்கு நுனியில் வந்து நின்றது. எனக்கே தெரியாமல் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். யாரும் என்னை அழ வுடல என்று நீ சொன்னாயே. அழட்டும் என்று நின்றேன். பின்னால் பால் பொங்கி, அடுப்பில் கொட்டி, சுரீரென்று எரிந்தது. திரும்பி அணைத்துவிட்டு, மறுபடியும் நின்றேன்.

வெகுநேரம் கழித்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அத்த, இருக்கியா?"

"இருக்கேன் கண்ணு."

"ஒண்ணுமே சொல்ல மாட்ற."

"நீ அழுது முடி. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

"அங்க இன்னா சத்தம் கேட்டுச்சு?"

"பால வெச்சிட்டு மறந்துட்டேன். பொங்கிடுச்சு."

அந்தப் பக்கத்திலிருந்து, தொண்டை கட்டிய குரலில், "பொங்கிச்சா? வுடு, நல்லதுதான்."

அண்ணி, நீ பேசியது போலவே இருந்தது. எனக்கு அப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. அவளைப் பக்கத்து அறையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். சாப்பிடப் போகக் கூப்பிடுகிறார்கள் என்றாள். போ என்றேன்.

"சரி அத்த. காலைல பேசறேன்."

அவளுக்கு நம் கணக்கு எதுவும் தெரியாது. அப்போது அவள் முன்பல் விழுந்த குழந்தை. யாரும் அவளுக்குச் சொன்னதும் இல்லை.

இருட்டும் நேரத்துக்கு அண்ணன் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக நாற்காலிக்குப் போய்ப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். தீய்ந்த பால் வாடை அவன் மூக்கில் ஏறியிருக்க வேண்டும், அடுப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இன்னா சொன்னா?"

"காலைல பேசறேன்னு சொன்னா அண்ணா."

அவன் தோளிலிருந்து பையை இறக்கி, கீழே வைத்தான்.